பூ இல்லாத பொடுதலை

செடிக்குப் பெயர் கண்டுபிடிக்கும் பிழைப்பில் செடி ஒரு தொல்லையும் தராது, மனுஷர்கள்தான் தருவார்கள். ஏரிச் சேற்றில் முட்டி தேய்ந்த என் இனத்தாரே, உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

அப்போது யுத்த காலம். ஒரு கல்லூரித் தாவரவியல் ஆசிரியரிடம் எனக்குத் தற்காலிக வேலை. அவர் தொகுத்த ஏரிச் செடிகளின் பட்டியலில், கரையோர ஈரத்தில் தரையோடு படருமே பொடுதலை, அது ஒன்றுதான் பாக்கி. "இலையைப் பார்த்துப் பெயர் எழுதமாட்டேன். பூவோடு கொண்டுவா, வேலையை நிரந்தரமாக்குகிறேன்" என்றுவிட்டார். நிரந்தரமானால்தான் பெண் தருவோம் என்று மாமனாராக வரவிருந்தவர் வீட்டில் வேறு பிடிவாதம்.

காலடியில்

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து ஏரி. குனிந்து தேடிய என்னைச் சர்வே ஆபீசர் என்று நினைத்துவிட்டார் முனியப்பன். ஏரிக்குள் கால் ஏக்கர் உழுது வைத்திருந்தவர் அவர். செடியை விசாரித்தால் முகம் வெளிறுகிறது! அவர் நின்றதே பொடுதலை மேல்தான். பூவையெல்லாம் அவர் ஆடுகள் மேய்ந்திருந்தன.

"ஏனுங்க, அப்படி ஒரு செடி எங்க ஏரியிலயே கெடையாதுங்க. எல்லைக்கல்லும் இதுக்கு அந்தாண்டதானுங்க."

சுத்தமான கட்டு

எதிர்க்கரையில் கீரை பறித்து விற்பவள் மாதம்மா. பொடுதலை வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். மறுநாளே கூடை நிறையக் கொண்டுவந்தாள். அலசி, வேர் நறுக்கி, வாழைநாரில் கட்டி, அடடா! பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"பூ வெச்சது முத்தலுங்க சாமி. அத்தனையும் கிள்ளிட்டுத்தான் கட்டுனேன். முத்தலு வித்தான்னு எனக்குக் கெட்ட பேரு வர வேண்டாமுங்க."

வெயிலில்

இனி யாரையும் நம்பக்கூடாது என்று நானே இறங்கினேன். இடுப்பளவு சேறு. அவள் கை படாத ஒரு மூலையில் பூவோடு நாலு கொடி கிடைத்தது. பத்திரிகைத் தாளில் அழுத்தி வைத்தேன். அதைப் பார்க்க ஆசிரியர் ஊருக்கு வரும் நாள் காலையில், கடைசி ஈரம் போகட்டும் என்று நான் தங்கியிருந்த வீட்டு வாசலில் விரித்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் தாளருகே மாதம்மா உட்கார்ந்திருக்கிறாள். கொடியெல்லாம் மொட்டை. பூ மொத்தமும் பக்கத்து வீட்டு ஆட்டின் வாயில். "அடிப்பாவி!" என்று கத்திவிட்டேன். அவளோ நிதானமாக எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"இன்னிக்குப் பெரியவரு வராருன்னு சொன்னீங்களே. இந்த முத்தலக் காட்டுனா உங்க வேலை போயிருமுங்க சாமி, அதான் நானே கிள்ளிப்போட்டேன்."

வேலையும் போயிற்று, பெண்ணும் போயிற்று. ஆனால் அந்த ஊர்ச் சந்தையில் இன்றுவரை என் கைக்கு முத்தல் கீரை வந்ததில்லை.