நாற்பது நொடி வால்

"அவ மூச்சை இழுக்குறா பாருங்க... நீங்களும் இழுங்க... ம், இப்ப காலை நீட்டுங்க! அப்படியே வைங்க. பாட்டு முடியற வரைக்கும் இறக்கக் கூடாது!"

பிசியோதெரபிஸ்ட்டின் அறையில் சுவர்க்கடிகாரம் நின்று பல மாதமாகிறது. யாரும் அதற்கு பேட்டரி போடவில்லை, தேவையும் இல்லை. அவருக்கு நேரம் என்பது மூன்று நிமிடம் ஐம்பது நொடி. தொண்ணூறுகளில் ஊரையே ஆட்டிவைத்த ஒரு பாப் பாட்டின் நீளம் அது. முதல் சரணத்தில் கணுக்கால், நடுவில் முழங்கால், கடைசிப் பல்லவியில் காலை நீட்டிப் பிடிப்பது. முதுகுவலிக்காரர், தோள்பட்டைக்காரர், மாடிப்படியில் உருண்டவர், எல்லோருக்கும் அதே பாட்டுதான். வீட்டில் பல் தேய்க்கும்போதும் அந்த மெட்டு வாயில் வந்து தொலைக்கிறது என்று பலரும் புலம்புவார்கள். அவருக்கோ ஒவ்வொரு முறை கேட்கும்போதும் உச்சி குளிர்ந்துவிடும்.

அது சிங்கிள், அதாவது தனிப்பாட்டாக முதலில் வெளிவந்த வடிவம். பிறகு ஆல்பத்தில் சேர்த்தபோது முடிவில் கைத்தட்டலும் 'லா லா'வும் ஒட்டி நாற்பது நொடி நீட்டிவிட்டார்கள். அதை அவர் 'வால்' என்பார். எங்காவது ஆல்பம் ஓடினால், வால் தொடங்கியதுமே பாய்ந்துபோய் அணைத்துவிடுவார். அந்தப் பாவத்தைக்கூட மன்னிப்பார். இன்னொன்றை மன்னிக்கவே மாட்டார். சிங்கிளில் கடைசிப் பல்லவிக்கு முன்னால் பாடகி 'ஹ்ஹா' என்று ஒரு மூச்சு இழுப்பாள். ஆல்பத்தில் அதைத் துடைத்தெடுத்துவிட்டார்கள். "அந்த மூச்சுலதாங்க அவ மனுஷின்னே தெரியுது. அதைப் போய் குப்பை மாதிரி கூட்டித் தள்ளியிருக்கானுங்க!" என்று நோயாளிகளிடம் குமுறுவார். கால் அவர் கையில் இருப்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

மறுத்துப் பேசுவதற்கென்றே வாய்த்தவன் மச்சினன், மனைவியின் தம்பி. லிப்ட் மெக்கானிக்கான அவன் பிறவி ஆல்பக்காரன். "சிங்கிள்ங்கறது மூணாவது மாடியில நின்னுபோன லிப்ட் மாமா. உச்சி வரைக்கும் போக வேணாமா?" என்பான். "ரெண்டும் ஒரே பாட்டுதானே?" என்று அக்கா ஒருநாள் கேட்டுவிட்டாள். அன்றுதான் மாமனும் மச்சினனும் ஓரணியில் நின்று அவளை முறைத்தார்கள்.

இந்தப் பாட்டுக்கென்றே கைப்பேசியில் பதினான்கு பேர் கொண்ட ரசிகர் குழு ஒன்று இருக்கிறது. அந்த மூச்சே வெறும் பிரமை என்று மச்சினன் அதில் எழுதிவைக்க, மாமாவுக்கு ரத்தம் கொதித்தது. கண்ணைக் கட்டிக்கொண்டே, ஓடுவது சிங்கிளா ஆல்பமா என்று ஐந்துக்கு ஐந்து சொல்கிறேன், ஒன்று தப்பினாலும் என் இசைத்தட்டை எடுத்துக்கொள் என்று சவால் விட்டார். பத்தொன்பது வயதில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய சிங்கிள் தட்டு அது. கழுத்துவலிக்காரர்களுக்கான கழுத்துப்பட்டைகள் வைக்கும் இழுப்பறையில், அதற்கும் ஒரு கழுத்துப்பட்டை சுற்றி வைத்திருக்கிறார். மனைவியையே தொட விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அறையிலேயே போட்டி நடந்தது. நடுவர் மனைவி. அவள் கைப்பேசி வழியாகக் குழுவில் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரைக்குப் பின்னால் கட்டிலில் நூலகரம்மா. வாழ்நாளெல்லாம் 'உஷ்' சொல்லியே ஓய்வுபெற்றவர். முழங்கால் அறுவை முடிந்து ஏழு வாரமாக இந்தப் பாட்டோடு மாரடிக்கிறார். மாடியிலிருக்கும் தன் வீட்டுக்கு ஏற முடியாமல் தங்கை வீட்டில் ஒண்டியிருக்கிறார். இருபது நொடிக் கடைசிப் பல்லவியில் எட்டாவது நொடியிலேயே காலைத் தொப்பென்று போட்டுவிடுவார். வியாழக்கிழமை வர முடியாததால் இன்று வந்து முட்டிக்கு ஒத்தடப் பையோடு படுத்திருந்தார்.

பிசியோ கண்ணைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். மச்சினன் அந்த மூச்சு வரும் இடத்தை மட்டும் ஓடவிட்டு நிறுத்தினான்.

"சிங்கிள்." சரி. "ஆல்பம்." சரி. "ஆல்பம்." சரி. "சிங்கிள்டா, சந்தேகமே இல்ல." அதுவும் சரி.

ஐந்தாவது ஓடியது. 'ஹ்ஹா' என்று தெளிவாகக் கேட்டது.

"சிங்கிள்!" என்று துள்ளினார்.

"ஆல்பம்! ஆல்பம்! தட்டைக் குடு மாமா!" மச்சினன் குதித்த குதியில் பாட்டை நிறுத்தவே மறந்துபோனான்.

"மூச்சு கேட்டுச்சுடா! என் காதால கேட்டேன்!" கண்கட்டைப் பிடுங்கி எறிந்தார்.

மனைவிக்குச் சட்டென்று பொறி தட்டியது. போய்த் திரையை விலக்கினாள். ஒத்தடப் பையைக் கழற்றிவிட்டு நூலகரம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது, நெஞ்சு நிறைய மூச்சு. வலது கால் அளவுகோல் மாதிரி நேராக நீண்டிருந்தது. ஏழு வாரப் பழக்கம், அந்த இடத்தை நாலு தடவை கேட்டதும் உடம்பு தானாகப் புறப்பட்டுவிட்டது.

"அப்ப இது செல்லாது," என்றாள் நடுவர், சிரிப்பை அடக்க முடியாமல். "மூச்சு இழுத்தது பாடகி இல்ல, இவங்க. நிறுத்துடா, மறுபடி போடு."

தட்டு பிழைத்தது. மச்சினன் முகம் தொங்கிப்போய் விரலைக் கைப்பேசிக்குக் கொண்டுபோனான். பிசியோ மட்டும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு நொடி போயிற்று, பதினைந்து போயிற்று. சிங்கிள் முடிய வேண்டிய இடத்தைப் பாட்டு தாண்டியது. கால் இறங்கவில்லை. 'லா லா' ஆரம்பித்தது.

"நிறுத்தாதடா!"

"செல்லாதுன்னு அக்கா..."

இழுப்பறையைத் திறந்து, கழுத்துப்பட்டையோடு தட்டை எடுத்து, மச்சினன் நீட்டிய கையில் திணித்தார். "நீயே வச்சுக்க. நான் தோத்துட்டேன். பாட்டுல மட்டும் கை வைக்காத!"

நூலகரம்மா ஒரு கண்ணைத் திறந்தார். "இன்னும் முடியலையா தம்பி?"

"இன்னும் இருக்கும்மா, இருக்கு, இருக்கு! வைங்க!"

பாட்டில் கைத்தட்டல் வந்தது. பிசியோவும் கட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டு, அந்தக் காலுக்கு நேராக இரண்டு கையையும் தூக்கித் தட்ட ஆரம்பித்தார். ஒரு தட்டுகூடத் தாளத்தில் விழவில்லை. அந்தப் பகுதியை அவர் ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லையே.