நாங்கள் ரிமோட்டு என்று சொன்ன பொருள்

அன்று கொட்டிலுக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் கணவர், மகள் நிலானி, ஜேர்மனியிலிருந்து வந்திருந்த மச்சாள், என் தம்பி அன்ரன். தகரக் கூரை கொதித்தது. மச்சாள் பெட்டியைத் திறந்ததும் புதுப் பிளாஸ்டிக் மணம்...

மன்னார்க் கரையில் நாங்கள் மீள்குடியேறி இரண்டாவது வருடம் அது. தம்பியின் வலது கையில் மூன்று விரல்கள்தான் மிச்சம். அவையும் எரிந்து தோல் இறுகியவை. செல் குண்டு விழுவதற்கு முன் அவன் எங்கள் கோயில் பங்கு அணியின் கோல் கீப்பர்.

கணவரின் போனில் பந்து விளையாட்டு ஒன்று இருந்தது. ஆனால் தம்பி தொட்டால் அந்தக் கண்ணாடி அதை விரலாகவே எடுக்காது. தேய்ப்பான், ஈரமாக்கிப் பார்ப்பான்... பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான்.

மச்சாள் கொண்டுவந்தது போனோடு வேலை செய்யும் கொன்ட்ரோலர். இரண்டு பிடி, நிறையப் பொத்தான். பொத்தானுக்குத் தோலைப் பற்றிக் கவலையில்லை. அழுத்தினால் அழுத்தினதுதான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கத்தல்.

"அக்கா! பந்து கம்பத்தில பட்டது எனக்குக் கையில அதிருது!"

"அந்தக் காலத்திலயும் உன்னைக் கம்பம்தானே மச்சான் காப்பாத்தினது!" என்றார் கணவர்.

"போங்கோ அத்தான்!"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவன் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

கொன்ட்ரோலர் என்ற சொல் எங்கள் வாயில் நிற்கவில்லை. "மாமான்ர ரிமோட்டைத் தொடாதை" என்று மகளை அதட்டுவேன். அந்த நாளில் ரிமோட்டு என்றால் டீவிக்கு மட்டுமல்ல, தூர நின்று குண்டு வெடிக்க வைப்பதும் அதுதான். தெரிந்துகொண்டே சொன்னேன்.

ஒரு காலை தம்பி பூசைக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டு ரீத்தா வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டாள். "அக்கா, வீடு வீடா வந்து எழுதுகினமாம்! உள்ளுக்கு என்ன கிடக்கெண்டும் பாக்கினமாம்!"

ஆமிச் சோதனைதான் என்று நினைத்தேன். ரிமோட்டு... அந்தச் சொல் மட்டும்தான் என் தலைக்குள் நின்றது. ஓடிப்போய் அதைப் பழந்துணியில் சுற்றி, கக்கூஸ் குழிக்குள் போட்டேன். போட்டுவிட்டுச் சிலுவை அடையாளமும் போட்டேன்.

வந்தவர் தென்னங்கன்று கொடுக்கப் பெயர் எழுத வந்தவர். இரண்டு கன்றுக்குக் கையெழுத்து வைத்தேன்.

தம்பி வந்து அலுமாரியில் தேடினான். சொன்னேன். அலுமாரிக் கதவைச் சாத்தினான்.

"மச்சாள் அதுக்கு ஒரு பேர் சொல்லித்தானே தந்தவ, அக்கா..."

அவ்வளவுதான்.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது பாதிரிச் சுவாமியிடம் சொன்னேன். "இது பாவமில்லைப் பிள்ளை, பயம்" என்றார் சுவாமி. பாவத்துக்கு மன்னிப்பு உண்டு. பயத்துக்கு?

இப்போது கல்வீடு. தம்பியின் மருமக்கள், என் பிள்ளைகள், போன் கண்ணாடியிலேயே இரண்டு பெருவிரலால் கோல் அடிக்கிறார்கள். தம்பி பக்கத்தில் கதிரை போட்டுப் பார்ப்பான். "நீங்களும் வாங்கோ மாமா" என்றால், "எனக்கு உது விருப்பமில்லை" என்பான். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

கடையில் கேட்டால் கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் துண்டைக் காட்டுகிறார்கள். அது அவனுக்குச் சரிவராது. பொத்தான் பெரிதாக, வலப்பக்கம் மூன்று விரலுக்கு எட்டுவதாக, பந்து பட்டால் கையில் அதிர்வதாக வேண்டும். மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும். எது வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் கெதியாகப் பதில் எழுதுங்கோ.