தட்டியும் கேட்காத சுவர்

ரத்தோட்டையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே பிள்ளைகள் விளையாடும் பொதுப் புல்தரை இருக்கிறது. வேலையிலிருந்து நின்ற முதியவர்களுக்காக அதன் ஓரத்தில் எல்லாரும் கூடிச் சிரமதானமாகச் சின்ன வீடுகள் கட்டத் தொடங்கினோம். "இனியும் லயத்து வரிசை வீடுங்க மாதிரி ஒட்டிக்கிட்டே கெடக்கணுமா?" என்று கூட்டத்தில் சத்தம் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அதனால் முதல் வீடுகளைத் தள்ளித் தள்ளிக் கட்டினோம்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை, தனியாக இருக்கும் பார்வதி பெரியம்மாவின் வீட்டில் அடுப்புப் புகையே இல்லை. கூப்பிட்டேன், பதில் வரவில்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சத்தம் போட்டேன். தள்ளியிருந்த அடுத்த வீட்டு முத்தையா அண்ணன் ஓடிவந்து அலவாங்குக் கம்பியால் கதவை நெம்பினார்.

பெரியம்மா சுவரோரம் விழுந்து கிடந்தார். நல்லவேளை, உயிர் இருந்தது.

"விடிய விடிய செவத்தத் தட்டுனேன் புள்ள. லயத்துல தட்டுனா அடுத்த காம்பிராவுல இருந்து ஓடி வருவாங்க. இங்க அந்தப் பக்கம் யாருமில்லங்கிறதே மறந்து போச்சு."

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டார். மீதி வீடுகளை இரண்டிரண்டாக, நடுவில் ஒரே சுவர் வைத்துக் கட்டுகிறோம். புல்தரையும் கொஞ்சம் மிஞ்சுகிறது. தினமும் பொழுது சாய்ந்ததும் நான் பெரியம்மாவின் சுவரை வெளியே நின்று தட்டுகிறேன். உள்ளிருந்து பதிலுக்குத் தட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் என் கால் வீட்டுப் பக்கம் திரும்புகிறது.