மூன்று மணி ஐந்து நிமிடத்துப் படங்கள்

என் அக்காவுக்குக் கடைத்தெருவில் 'கருந்திரை' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை; கூப்பிட்டால் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். எங்கள் கடையில் ஜெராக்ஸ் என் பொறுப்பு, கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. ஊர் உலகமெல்லாம் மவுஸைப் பிடித்துச் சொடுக்கிக்கொண்டிருக்க, இவள் மட்டும் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்துவைத்துக் கட்டளை கட்டளையாகத் தட்டிக்கொண்டிருப்பாள். கேட்டால், "மவுஸ் பிடிச்சா மணிக்கட்டு வலிக்குது" என்பாள். பொய். காரணம் வேறு.

முன்பு அவள் வேலை பார்த்த ஸ்டூடியோவில், பிரிண்ட் போடக் கொடுத்த ஒரு பெண்ணின் படங்களை நாலு பேர் சுற்றி நின்று பார்த்துச் சிரித்தார்களாம். அன்றைக்கே வேலையை விட்டாள். அதிலிருந்து அடுத்தவர் படத்தைத் திறக்கவே மாட்டாள். கேமராவை யூஎஸ்பி வயரில் மாட்டி, படங்களின் பெயர், தேதி, நேரம் மட்டும் திரையில் வரிசையாக வரவைப்பாள். எது வேண்டும் என்று அவர்களே சொல்ல வேண்டும். பிரிண்ட் வந்தால்கூடக் கவிழ்த்துத்தான் எடுப்பாள். இது வெறும் வீம்பு என்று நான் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் பழைய கேமரா.

"அக்கா, எங்கப்பாவக் காணோம். மறதி ஜாஸ்தி அவருக்கு. கதவு தெறந்து கெடக்குன்னு ரெண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுல போன் பண்ணாங்க. தேடாத எடமில்ல. போலீஸ்ல போட்டோ கேக்கறாங்க. வீட்டுல இருக்கறதெல்லாம் மீசையோட இருக்கற போட்டோ. போன ஞாயித்துக்கிழமதான் மீசைய எடுத்தாரு. அந்தப் படம் இதுல மட்டுந்தான் இருக்கு."

மெமரி கார்டை உருவலாம் என்றால் மூடி உடைந்து கார்டு உள்ளேயே சிக்கியிருந்தது. வயர் ஒன்றுதான் வழி. பேட்டரிக் குறி சிவப்பில் துடித்தது. சார்ஜர் எங்கே என்று அந்தப் பெண்ணுக்கே தெரியவில்லை.

அக்கா வயரை மாட்டினாள். கம்ப்யூட்டர் கேமராவைக் கண்டுகொள்ளவே இல்லை. "இது சார்ஜ் மட்டும் ஏத்தற வயரு. படம் வராது" என்று பிடுங்கி எறிந்தாள். இழுப்பறையைக் கொட்டிக் கிளறி நான் வேறொன்று எடுத்துக் கொடுத்தேன். இப்போது கேமராவின் பெயர் திரையில் வந்தது. கட்டளை கொடுத்தாள். முடியாது, கேமராவை உள்ளே வேறு ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது என்றது கம்ப்யூட்டர். மறுபடி தட்டினாள். மறுபடி அதே பதில்.

கேமராவை மாட்டியதும் படங்கள் தானாக ஒரு ஜன்னலில் திறக்கும்படி முந்தின நாள்தான் நான் அவளுக்குத் தெரியாமல் மாற்றி வைத்திருந்தேன், என் வசதிக்கு. அந்த ஜன்னல் முந்திக்கொண்டு கேமராவைப் பிடித்துவிட்டது. அது விட்டால்தான் அக்காவின் கட்டளைக்குக் கேமரா கிடைக்கும்.

"நாந்தான்க்கா மாத்தினேன்" என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. ஜன்னலை மூடி, கேமராவை விடுவித்து, மறுபடி கட்டளை கொடுத்தாள். வரிசை வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் படம் ஒன்றே ஒன்று. இறக்கினாள், பிரிண்ட் கொடுத்தாள், கவிழ்த்தபடியே நீட்டினாள். அந்தப் பெண் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இதான். இதான் அப்பா" என்று கிளம்பப் போனாள்.

"நில்லும்மா" என்றாள் அக்கா. கண் திரையை விட்டு நகரவில்லை. "இந்தக் கேமராவ வீட்டுல வேற யாரு எடுப்பா?"

"யாரும் இல்லக்கா. நானும் அப்பாவும் மட்டுந்தான். நான் அந்த ஒரு படந்தான் எடுத்தேன்."

"அதத் தவிர ரெண்டு வாரமா தினம் ஒரு படம் இருக்கு. எல்லாம் மூணு அஞ்சு, மூணு ஏழுன்னு மத்தியானம். சனி, ஞாயிறுல கெடையாது. அந்த நேரத்துல நீ எங்க இருப்ப?"

"ஆபீஸ்ல."

அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். பேட்டரிக் குறி இன்னும் வேகமாகத் துடித்தது. "கடைசிப் படத்தத் தெறந்து பாக்கட்டுமா? நீ சொன்னாத்தான் தெறப்பேன்."

"சீக்கிரம் தெறங்கக்கா!"

படம் இறங்கி முடித்த மறுநொடி கேமரா அணைந்தது. அக்கா அந்தப் படத்தைத் திறந்தாள். அவள் வாழ்க்கையில் என் கண்முன் திறந்த முதல் படம் அது. கோணல்மாணலாக ஒரு சாலை. ஓரத்தில் மங்கலாக ஒரு விரல். எதிர்ப்பக்கம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் வாசல். அதிலிருந்து இறங்கி, பக்கத்து டீக்கடைக்குப் போகும் இரண்டு பெண்கள், முதுகு மட்டும் தெரிய.

அந்தப் பெண் திரையைத் தொட்டாள். "இது நான்."

விரலை எடுக்காமலே அவள் ஒவ்வொன்றாகக் கோத்தாள்.

"தினம் மூணு மணிக்கு டீ குடிக்க எறங்குவேன். கதவச் சாத்திட்டு வந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்காரு. இன்னிக்குத்தான் கேமராவையும் மறந்து, கதவையும் சாத்தாம வந்துட்டாரு போல." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னிக்கு நான் எறங்கவே இல்லையேக்கா. அவரத் தேடிட்டு இருந்தேன்."

அப்படியென்றால் மனிதர் இன்னும் அங்கேயே நிற்பார்.

கடையை அப்படியே போட்டுவிட்டு மூன்று பேரும் ஒரு ஆட்டோவில் ஏறினோம். வழியில் சிக்னலுக்குச் சிக்னல் நின்றது. அந்தப் பெண் பிரிண்டைக் கசக்கிக் கசக்கி நீவிக்கொண்டே சொன்னாள்: "போன மாசம் ஒரு தடவ ஆபீசுக்குள்ளயே வந்துட்டாருக்கா. எல்லார் முன்னாலயும் கத்திட்டேன், இனிமே இந்தப் பக்கமே வராதீங்கன்னு."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வெளியே பார்த்தேன். அவர் அங்கே இல்லாவிட்டால் என்ன செய்வது என்பது மட்டும்தான் என் மண்டைக்குள் ஓடியது.

இருந்தார். அலுவலகத்துக்கு எதிர்ப்பக்கம், ஒரு மின்கம்பத்தைப் பிடித்தபடி. மீசை இல்லாத முகம் வெயிலில் கறுத்து, உதடு வறண்டிருந்தது. மகள் ஓடி வருவதைப் பார்த்ததும் பயந்து இரண்டடி பின்னால் போனார்.

"கிட்ட வரலம்மா" என்றார் அவசரமாக. "இங்கயேதான் நின்னேன்."