பாதி மோட்டார் சைக்கிள்

ஸ்போர்ட் டூரிங் வகை மோட்டார் சைக்கிள்களில் எது எத்தனை கிலோ, எதன் இருக்கை எவ்வளவு உயரம், எது மழையில் எப்படிப் பிரேக் பிடிக்கும் என்று நித்திரையில் தட்டிக் கேட்டாலும் சொல்லுவேன். வேகமாகவும் ஓட வேண்டும், பெட்டி கட்டிக்கொண்டு நாள் முழுக்க ஓடினாலும் முதுகு நோகக் கூடாது என்று செய்த வண்டிகள் அவை. ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. தர்மபுரத்திலிருந்து கிளிநொச்சிக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், தனியார் வகுப்பொன்றில் பௌதிகவியல் படிப்பிக்கிறவன் நான்.

இந்த அறிவு எனக்காகச் சேர்த்ததல்ல. சுவிஸில் இருக்கும் என் பள்ளிக்கூட நண்பனுக்காகச் சேர்த்தது.

அவனுடைய வீடு வாய்க்கால் பக்கத்துக் குடியேற்றத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயற்காணி பெற்ற குடும்பம். எங்களுடையது மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்த குடும்பம். அம்மாவும் அப்பாவும் அவனுடைய தகப்பனின் வயலுக்குத்தான் களை பிடுங்கப் போவார்கள். நானும் அவனும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். அந்த வயலைப் பற்றி மட்டும் நாங்கள் கதைத்ததே இல்லை. கதைக்க மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. கொப்பியின் பின்பக்கமெல்லாம் சிலிண்டர் படங்கள்.

உயர்தரம் எழுதி முடித்த கையோடு பளையில் ஒரு பழைய வண்டி கிடப்பதாகக் கேள்விப்பட்டோம். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் மாட்டுக் கொட்டிலில், சாக்குக்குக் கீழே, எங்கள் இரண்டு பேரின் வயதையும் கூட்டினாலும் எட்டாத வயதில் ஒரு ஜப்பான் வண்டி. இரட்டை சிலிண்டர், இருநூறு சி.சி., பெற்றோல் தாங்கியின் இடப்பக்கம் ஒரு நெளிவு. பாதி நான், பாதி அவன். என் பாதி இரண்டு போகம் கூலிக்குக் கச்சான் கடலை பிடுங்கிச் சேர்த்தது. அவன் பாதி லண்டன் மாமி அனுப்பியது. இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தபடியால் என் அடையாள அட்டை அப்போது இன்னும் வந்திருக்கவில்லை. பரீட்சைக்கே தபால் அடையாள அட்டையோடு போனவன் நான். பதிவுப் புத்தகம் அவன் பெயரில் போனது.

"பேரில என்ன மச்சான் கிடக்கு, ஓடப்போறது ரெண்டு பேரும்தானே" என்றான் அவன். எனக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. தகப்பனின் அலுமாரியில் புத்தகம் பத்திரமாக இருக்கும் என்று நானே சொன்னேன். அவ்வளவு கெட்டித்தனம்.

பரந்தனில் ஒரு கராச்காரர் இடம் தந்தார். காபரேட்டரை மூன்று தரம் கழற்றிப் பூட்டினோம். முதன்முதலாக அது உயிர் பிடித்த அன்று அவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "தம்பியவை, இது ஓடும். ஆனா நிக்குமெண்டு நான் சொல்லமாட்டன்" என்றார்.

அவர் சொன்னது சரி. நல்ல வண்டி என்று பொய் சொல்லப் போவதில்லை. அதன் பிரேக் ஒரு வேண்டுகோள்தான், கட்டளை அல்ல. முன்லைட் வெளிச்சத்தில் றோட்டில் படுத்திருக்கும் மாட்டுக்குக்கூடக் கண் கூசாது. மழை பெய்தால் ஒரு சிலிண்டர் லீவு எடுத்துக்கொள்ளும். ஆனால் அறுபதைத் தாண்டினால் கைபிடியில் இருந்த நடுக்கமெல்லாம் திடீரென்று காணாமல் போய்விடும். ஏ-ஒன்பது நெடுஞ்சாலையில் முறிகண்டி தாண்டி, இரண்டு பக்கமும் காடு, முன்னால் ஒரு வளைவும் இல்லாத தார், அந்த நேரத்தில் வண்டி தன்னை மறந்து ஒரே சுருதியில் நிற்கும். அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகளின் சத்தத்தை போனில் கேட்டிருக்கிறேன். நூற்றியறுபது குதிரைவலுவில் எந்த வண்டியும் எனக்கு அப்படி நின்றதில்லை.

நண்பன் கட்டை. கால் நிலத்தில் முட்டாது. நிறுத்துவதென்றால் கல்லோ வரம்போ தேடி நிறுத்துவான். ஒருமுறை மாங்குளம் சந்தியில் கல் கிடைக்காமல், பின்னால் இருந்த என்னையும் சேர்த்துச் சாய்த்தான். தேத்தண்ணிக் கடைக்காரர் வாசலில் நின்றபடி, "எழும்பிறியளோ, இல்லாட்டிப் படுத்த பாட்டில குடிக்க அங்க கொண்டு வரட்டோ?" என்று கேட்டார். நண்பன் படுத்தபடியே, "ரெண்டு பிளேன்ரீ அண்ணை, ஒண்டுக்குச் சீனி கூட" என்றான். அவனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு அவன் சுவிஸ் போனான். போகிற அன்று வண்டித் திறப்பை என் சட்டைப் பையில் போட்டு, "இனி இது உன்ரதான் மச்சான்" என்றான். ஆறு வருடம் அது என்னுடையதாகத்தான் இருந்தது. வவுனியாவில் பல்கலைக்கழகத்துக்கு அதில் போய்வந்தேன். அம்மாவுக்கு நெஞ்சு நொந்த அன்று அதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் பங்கீட்டுக்கு அவனுடைய பெயரில் பதிந்த கியூஆர் படத்தை என் போனில் வைத்துக்கொண்டு வெயிலில் வரிசை நின்றேன். தங்கைக்குக் கிளிநொச்சியில் மருந்துக் கடையொன்றில் வேலை கிடைத்ததும், காலையில் அவளை ஏற்றிப்போய் இறக்கிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன்.

போன வருடம் நண்பன் அங்கே பெரிய வண்டிக்கான லைசன்ஸ் எடுத்தான். "மச்சான், எதை எடுக்கிறதெண்டு நீதான் சொல்லோணும். எனக்கு வாசிக்க நேரமில்லை. உன்ர தலைக்குள்ளதான் எல்லாம் கிடக்கே."

எனக்குத் தலைகால் தெரியவில்லை. மூன்று மாதம், வகுப்பு முடிந்த நேரமெல்லாம் அதுதான் வேலை. அட்டவணை போட்டேன். ஜப்பான்காரி நாலு சிலிண்டர், பட்டுப்போல ஓடுவாள், ஆனால் பெட்டி பூட்டினால் பின்பக்கம் பாரம். ஜெர்மன்காரிக்குச் சங்கிலியே இல்லை, தண்டில் ஓடுகிறவள், எண்ணெய் போடும் கரைச்சல் இல்லை, ஆனால் திரும்பும்போது சோம்பல். இத்தாலிக்காரி அழகி, கோபக்காரி, தொடையைச் சுடும். மலைப்பாதை ஏறி இறங்கும்போது பாரம் எங்கே போகும் என்று கணக்குப் போட்டு, படம் கீறி அனுப்பினேன். மலையை விட்டு வந்தவர்களின் பேரன், ஒரு மேடும் இல்லாத வன்னியில் இருந்துகொண்டு, அல்ப்ஸ் வளைவுக்குக் கணக்குப் போட்டேன். அவன், "நீ பேய்க்காய்டா" என்று மெச்சுவான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனுடைய தகப்பன் எங்கள் படலைக்கு வந்தார். கூட மாங்குளத்து ஆள் ஒருவர். பழைய ஜப்பான் வண்டிகளைத் தேடி வாங்கி மினுக்கி வைத்திருப்பவராம். வந்ததும் வராததுமாக வண்டியைச் சுற்றி நடந்து, குனிந்து, தாங்கியின் நெளிவைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா வைச்சிருக்கிறாங்கள்" என்றார் மாங்குளத்தார்.

"ஓம், இந்தப் பொடியன்தான் பாத்துக்கொண்டவன். எங்கட வயலுக்கு வாற ஆக்களின்ர பொடியன். நல்ல பிள்ளை" என்றார் நண்பனின் தகப்பன். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, இவர் நல்ல விலை சொல்லுறார். பழசுதானே, நிண்டு பழுதாகுது. உமக்குச் சரிதானே?"

நிண்டு பழுதாகிறதாம். அன்று விடியப்புறம்தான் அதில் பளைக்குப் போய்வந்திருந்தேன். இயந்திரத்தின் சூடுகூட முழுதாக ஆறியிருக்காது.

நண்பன் வெளிநாடு போகுமுன் கையெழுத்து வைத்துக் கொடுத்த உரிமை மாற்றுப் படிவம் தகப்பனின் கையில் இருந்தது. அந்தப் படிவத்தை எனக்கு அவன் தந்திருக்கலாமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாதி என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா குசினி வாசலில் நின்றா, கையைச் சேலையில் துடைத்தபடி, வயல் வரம்பில் அவர் முன்னால் நிற்கிற மாதிரியே. என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. உள்ளே போய்த் திறப்பை எடுத்து வந்து கொடுத்தேன். சோக்கை இழுக்காமல் உதைத்தால் பிடிக்காது என்று வேறு மாங்குளத்தாருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த நாள் உழவு மெஷின் பெட்டியில் ஒரு மூட்டை ஆட்டக்காரி நெல் வந்து இறங்கியது. வண்டியைப் பார்த்துக்கொண்டதற்காம். நான் திருப்பி அனுப்பச் சொன்னேன்.

"ஐயா குடுத்தா வாங்கிக்க வேண்டியதுதான்" என்றா அம்மா. "வேணாம்னு சொன்னா என்ன நெனைப்பாரு?"

அவித்து, காயவைத்து, குற்றிச் சாப்பிட்டோம். நல்ல அரிசி. அதுதான் தாங்கவில்லை.

அந்தக் கிழமையே நண்பன் சுவிஸிலிருந்து போன் எடுத்தான். நான் காத்திருந்தேன், அவனாகவே தொடங்கட்டும் என்று. பெட்டியின் அளவு, காற்றுக் கண்ணாடியின் உயரம், குளிருக்குக் கைபிடி சூடாகுமா இல்லையா என்று எல்லாம் கதைத்து முடித்துவிட்டுத்தான் சொன்னான்: "மச்சான், பழசைக் குடுத்திட்டினமாம் என்ன? எனக்கும் கவலைதான். அதை விடு, இத்தாலிக்காரியைப் பற்றி என்ன சொல்லுறாய்?"

கவலைதானாம். அதை விடட்டாம். அன்று நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. பொய் ஒன்றும் சொல்லவில்லை. அட்டவணையில் ஒரேயொரு வரியை அழித்தேன்: இருக்கை உயரம். பிறகு எழுதினேன்: எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இத்தாலிக்காரிதான். இருப்பதிலேயே உயரமானவள் அவள். ஏதோ ஒரு மலைச் சந்தியில், பெட்டியெல்லாம் கட்டிக்கொண்டு, ஊன்றக் கல் இல்லாமல் அவன் சரிவதை நான் விரும்பினேன். இருநூற்றைம்பது கிலோ காலில் விழுந்தால் எலும்பு என்னாகும் என்று பௌதிகவியல் படிப்பிக்கிறவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் அனுப்பினேன். அனுப்பிவிட்டு வடிவாகச் சாப்பிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, வண்டி விற்கும் கடையின் வாசலில் நின்று போன் எடுத்தான். சிரித்துக்கொண்டிருந்தான்.

"டேய், பெருவிரல் கூட முட்டேல்ல! கடைக்காரன் ஓடிவந்து பிடிச்சவன், இல்லாட்டி நானும் அவளும் நிலத்தில. நீ அனுப்பினதில உயரம் எங்கயடா?"

"விடுபட்டிட்டுது."

சிரிப்பு நின்றது. "உனக்கு ஒண்டும் விடுபடாது மச்சான். என்ர கால் எத்தனை இஞ்சி எண்டு என்னை விட உனக்குத்தான் தெரியும். என்னடா பிரச்சினை?"

"அந்த வண்டியில பாதி என்ர" என்றேன்.

அவன் கடை வாசலை விட்டு நடக்கிறான் போல, கார்கள் போகும் சத்தம் கூடியது.

"அப்பா உன்னட்டக் கேட்டவராமே. சரிதானே எண்டு. நீயே திறப்பை எடுத்துக் குடுத்தனியாம்."

"உன்ர அப்பா கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?"

"வாயால சொல்லுறது! பாதி என்ர எண்டு சொல்லியிருந்தா அவர் என்ன, கடிச்சே போடுவார்?"

அவன் நடிக்கவில்லை. உண்மையிலேயே அவனுக்கு விளங்கவில்லை. பத்து வருடம் ஒரு வாங்கில் இருந்தவனுக்கு அது விளங்கவில்லை என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. விளக்கவேண்டுமென்றால் அந்த வயலைப் பற்றிக் கதைக்க வேண்டும். அதை எங்கே தொடங்குவது?

"சரி, கோவிக்காதை" என்றான். "நான் ஒரு ஸ்கூட்டி எடுத்துத் தாறன். புதுசு. லேசானது, பெற்றோல் குறையக் குடிக்கும். தங்கச்சியும் ஓடலாம்."

ஸ்கூட்டி. இரண்டு போகம் கச்சான் பிடுங்கி, மூன்று தரம் காபரேட்டர் பூட்டி, ஏ-ஒன்பதில் ஒரே சுருதியில் நின்ற அதற்குப் பதிலாக, லேசானது.

"உன்ர ஸ்கூட்டியை நீயே வைச்சிரு. நாங்கள் பிச்சை எடுக்கேல்ல. கொப்பரிட்டயும் சொல்லு, இனி நெல்லும் அனுப்ப வேண்டாமெண்டு."

நல்ல தெளிவாக, நல்ல சத்தமாகச் சொன்னேன். அவன் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து போன் வரவில்லை. கடைசியில் எதை வாங்கினான் என்றும் எனக்குத் தெரியாது.

திரும்பினால், வேலை முடிந்து அப்போதுதான் வந்த தங்கை கைப்பையைக்கூட இறக்காமல் நின்றாள். வண்டி போன நாளிலிருந்து அவள் ஆறரை பஸ்ஸில் நெரிபட்டுப் போகிறாள். பின்னால் நின்று உரசுகிறவர்களுக்காகச் சட்டையில் ஊசி குத்திக்கொண்டு போகிறாள் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஓம் என்றும் வீட்டில் ஆமா என்றும் பேசுகிறவர்கள் நாங்கள். அவள் வீட்டுப் பேச்சில்தான் கேட்டாள்.

"ஸ்கூட்டி வாங்கித் தாரேன்னாங்களா?"

"ஆமா. வேணாம்னுட்டேன்."

"எனக்குந்தான்னு சொன்னாங்களா?"

நான் போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

"ஒங்க பைக்க அந்த ஐயா வந்து தள்ளிக்கிட்டுப் போறப்ப ஒங்களுக்கு வாயே வரலண்ணே. என் ஸ்கூட்டிக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"