வாயைக் கட்டிய கமலவேணி

தேங்காய்த்திட்டில் மீன் விற்கிற பெண்களுக்குக் கமலவேணி என்றாலே கொஞ்சம் பயம். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். பார்த்துவிட்டுச் சும்மாவும் இருக்கமாட்டாள். "ஏம்மா, இது செத்து எத்தினி நாளாச்சி, காரியம் முடிஞ்சிடுச்சா?" என்பாள். ரெட்டியார்பாளையத்தில் அவள் வீட்டில் குழம்பு கொதித்தால் தெருவே மூக்கைத் தூக்கும். மில் மூடி, மாமனார் வேலையில்லாமல் கிடந்த கஷ்ட காலத்தில்கூட, ஒரு நெத்திலியாவது இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

அப்பேர்ப்பட்டவள் மீனை விட்டாள். மகள் பூவிழிக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது தங்கியதும், கமலவேணியின் கணவர், ஆட்டோ ஓட்டுகிற அரிகிருஷ்ணன், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நேரே மயிலம் முருகன் கோயிலுக்கு விட்டார். "புள்ள நல்லபடியா பொறக்கற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் கவுச்சி தொடமாட்டோம், முருகா" என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தது அவர்தான். இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனாலும், இந்த மனுஷனுக்கா மகள் மேல் இவ்வளவு பாசம் என்று அவள் அங்கேயே உருகிப்போனாள், பைத்தியக்காரி.

அதன்பிறகு, ஓய்வுக்குத் தாய்வீடு வந்திருந்த மகளுக்கு மட்டும் மீன் குழம்பு வைத்தாள், உப்புக்கூடப் பார்க்காமல். அரிகிருஷ்ணன் தயிர்ச்சோற்றுத் தட்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். "வாசனையே போதும் கமலா" என்று ஒரு பெருமூச்சு விடுவார். அதைக் கேட்டு இவளுக்கு மனசு கேட்காது. பாவம் மனுஷன் என்று இன்னொரு அப்பளம் பொரித்து வைப்பாள். சம்பந்தி வீட்டில் அவரைச் சாமியார் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

கமலவேணி உப்பளம் பகுதியில் ஒரு தையல் கடையில் பிளவுஸ் தைக்கிறாள். கடைக்காரி ஹேமலதா தன் பிறந்தநாளன்று, "மிஷினை நிறுத்துக்கா, இன்னைக்கு நாம மெக்சிகன் சாப்பிடப் போறோம்" என்று அவளை இழுத்துக்கொண்டு போனாள். பக்கத்துத் தெருவில் ஒரு பார்சல் கடை. கண்ணாடிக்குப் பின்னால் விதவிதமாக வைத்திருப்பார்கள். எது வேண்டுமோ கை காட்டினால் அதைச் சுருட்டித் தாளில் மடித்துத் தருவார்கள். அங்கேயே சாப்பிடுகிறவர்களுக்கு உள்பக்கம் நாலைந்து ஸ்டூல் உண்டு.

"கறி, மீனு எதுவும் படாம குடுப்பா, வேண்டுதல்ல இருக்கறேன்" என்றாள் கமலவேணி. கரண்டியைக்கூடக் கழுவவைத்தாள். வந்ததைக் கடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அடப்பாவி, ராஜ்மாவையும் சோத்தையும் சப்பாத்தியில சுருட்டி வெச்சிருக்கான். இதுக்கா இவ்ளோ கூட்டம்?" ஆனால் நன்றாகத்தான் இருந்தது. பட்டர் ஃப்ரூட்டை எலுமிச்சை பிழிந்து மசித்த அந்தப் பச்சைத் துவையல் ரொம்பப் பிடித்துவிட்டது. நிதானமாக உட்கார்ந்து தின்னலாம் என்று உள்பக்கம் போனாள்.

அங்கே அரிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை, மீசையில் சாஸ், கையில் மடித்த ரொட்டி, அதன் ஓரத்தில் இறால் வால். பக்கத்தில் ஏழு மாத வயிற்றோடு பூவிழி. செக்கப்புக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர்கள்.

"அண்ணே, வழக்கம்போல இன்னொரு எறா டாக்கோ போட்டுடட்டா?" என்று கல்லாவிலிருந்து குரல் வந்தது.

வழக்கம்போலவா! கமலவேணி புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"எவ்ளோ நாளாய்யா நடக்குது?"

அரிகிருஷ்ணன் மென்றதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தார்.

"கத்தாதம்மா" என்றாள் பூவிழி. "அப்பாவால முடியல. ஒரு நாளு அழுதே புட்டாரு. நான்தான் கூட்டியாந்தேன்."

"உனக்காகத்தானடி நான் வாயக் கட்டிக்கினு கெடக்கறேன்?"

"அதான் நீ இருக்கியேம்மா. நீ கரெக்டா இருப்பன்னு எங்களுக்குத் தெரியும்."

"ஆமா கமலா" என்று அரிகிருஷ்ணனும் ஒட்டிக்கொண்டார். "நீ ஒருத்தி இருந்தா முருகன் ஏத்துக்க மாட்டாரா?"

ஆக, அப்பனும் மகளும் உட்கார்ந்து பேசியே முடிவு செய்திருக்கிறார்கள். இவள் கிடப்பாள், நாம் தின்னலாம் என்று. பெற்று வளர்த்த மகள்கூட அவள் பக்கம் இல்லை.

"குடுய்யா இங்க!" என்று அவர் கையிலிருந்ததைப் பிடுங்கினாள். வாய்வரை கொண்டுபோனாள். பூண்டும் இறாலும் வறுபட்ட மணம். நாக்கில் எச்சில் ஊறியது.

பூவிழி பதறி எழுந்துவிட்டாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, வேணாம்மா! கொழந்தைக்கு எதுனா ஆயிடப்போவுது!"

கமலவேணி மகளையே பார்த்தாள். "உங்கப்பன் தின்னப்ப வராத பயம், நான் தின்னா மட்டும் வருதாடி?"

கேட்டாளே தவிர, கமலவேணிக்கும் உள்ளே அதே பயம்தான். இறாலை அவர் தட்டிலேயே வைத்தாள். குழாயடிக்குப் போய், அழுதுகொண்டே, இரண்டு கையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.