நாற்பது பெயரைத் தின்ற அப்டேட்

"உங்கள் கம்ப்யூட்டர் இப்போது இன்னும் சிறப்பாக இருக்கிறது!" என்று இன்று மத்தியானம் திரையில் வந்து நின்றது. காறித் துப்பாத குறைதான்.

பரவையில் இருக்கிற என் போஸ்டர் கடைக்கு முத்துப்பாண்டி வந்திருந்தார். மார்க்கெட்டில் லோடு இறக்குகிறவர். காலையில் அவருடைய அப்பா இறந்துவிட்டார்.

"அண்ணே, நாலு மணிக்கு எடுக்குறாக. அதுக்குள்ள கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிரணும். ஒரு பேரு விட்டாலும் சொந்தத்துல சண்டை வந்துரும்."

அவர் சொல்லச் சொல்ல நாற்பது பெயர் அடித்தேன். சேவ் பண்ணுவதற்குள் அப்டேட் என்று தானாகவே அணைந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய சிஸ்டம், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு மணி நேரம் வட்டம் சுற்றியது.

"இன்னும் எம்புட்டு நேரம்ணே?"

திரை திரும்பி வந்தபோது பெயர்கள் இல்லை. அந்த 'இன்னும் சிறப்பாக' விளம்பரம் இருந்தது. த்தூ!

மறுபடி அவர் அவசரமாகச் சொன்னார், நான் அவசரமாக அடித்தேன். சரிபார்க்க நேரமில்லை.

அச்சடித்து, நானும் அவரும் மார்க்கெட் சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று படித்தபோதுதான் தெரிந்தது. மருமகன், மச்சினன், பேரன்கள் எல்லாரும் இருக்கிறார்கள். மகன் முத்துப்பாண்டி இல்லை.

"விட்டது என் பேருதானண்ணே. நான் யாருகூடச் சண்டைக்குப் போக?" என்றார்.

கடைக் கம்ப்யூட்டரில் அந்த சிஸ்டத்தை அழித்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது. என் பழைய தமிழ் ஃபான்ட்டுகள் அதில் வருமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பழைய சிஸ்டமே தேவலை என்று சொல்ல வருகிறவர்கள், அதை முத்துப்பாண்டியிடம் போய்ச் சொல்லுங்கள்.